நான் அடைவைத்த ஆமை முட்டைகள்

எனக்கு எண்பத்தொரு வயது. ஒன்பது பிள்ளைகளை வளர்த்தேன். ஒன்றைக்கூட ஆமையைப் போல மண்ணில் மூடிவிட்டுப் போனவள் இல்லை. இதை முதலில் சொல்லக் காரணம், குஞ்சு பொரிக்கவைக்கத் தெரியாதவள் என்று சல்லி என்ற எங்கள் ஊர்க் கடற்கரையில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அநியாயமான பெயர். (கொஞ்சம் நியாயமும் உண்டு.)

அப்போது ஏழாவது பிள்ளை மடியில். கொழும்பிலிருந்து ஆமைகளை ஆராய ஓர் ஐயா வந்திறங்கினார். ஐந்து சாதி ஆமைகளின் படத்தை விரித்து, எங்கள் கரையை எங்களுக்கே படிப்பிக்கத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"படம் எதுக்கு ஐயா? மணலில தடத்தைப் பாருங்கோ. பேராமை ரெண்டு கையையும் சேர்த்துத் தள்ளும். சிற்றாமை எங்களைப் போல கை மாறி மாறி வைக்கும். இது சிற்றாமை."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அந்த மரியாதைதான் என்னைக் கெடுத்தது.

சிற்றாமை முட்டையிட்டிருந்தது கரைவலை இழுக்கும் இடத்தில். இருபது பேர் மிதித்தால் கூழாகிவிடும். அன்றே நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளையும் என் வளவில் குழி வெட்டிப் புதைத்து, சுற்றித் தென்னோலைக் கிடுகு கட்டினோம்.

"இனித் தொடக்கூடாது அம்மா. ஐம்பது, ஐம்பத்தைஞ்சு நாளில தானா வரும். சரிவந்தால் இந்தக் கரையில ஒவ்வொரு வருசமும் செய்யலாம்."

அதே இரவு இன்னொரு ஆமை இட்ட கூடு, என் கணவரின் தங்கை பாக்கியத்தின் வேலியோரம். அதை அப்படியே விட்டு, நாய் கிண்டாமல் முள் போடச் சொன்னார். மச்சாள் முள்ளைப் போட்டாள். பாயில் போய்ப் படுத்தாள். அவ்வளவுதான் அவள் பட்ட பாடு.

"என்ர முட்டை பொரிக்காட்டி, ஒரு கிழமை, ஏழு நாளும், உன்ர குசினியில மீன் வெட்டித் தாறன்" என்றேன், ஊர் கேட்க.

"கத்தியைத் தீட்டி வைக்கிறன் மச்சாள்" என்றாள்.

இனி நடந்ததற்கு அந்தத் தாயாமைதான் பொறுப்பு. நூறு முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பியும் பாராமல் போகிறதே, அதுவும் ஒரு தாயா? அடைக்கோழி சொண்டால் முட்டையைப் புரட்டிக்கொண்டே இருக்கும். இல்லாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிப்போகும். கோழி வைத்திருக்கும் எவளுக்கும் தெரியும். கொழும்பு ஐயா கோழி வளர்த்தவரா? ஆகவே தினமும் காலையில் குழியைத் தோண்டி, ஒவ்வொரு முட்டையாகத் துடைத்து, புரட்டி, மறுபடி மூடினேன். இடுப்பு முறிந்தது.

ஐம்பத்திரண்டாம் நாள் விடிய, மச்சாளின் முள்ளுக்கடியிலிருந்து கறுப்புக் கறுப்பாய்க் குஞ்சுகள் கிளம்பிக் கடலைப் பார்த்து ஓடின. அவள் தலைகூட வாராமல் நின்று பார்த்தாள். என் குழி அசையவில்லை. ஒரு கிழமை பொறுத்து ஐயா வந்து தோண்டினார். நாற்றத்தில் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன்.

"அம்மா, இதைத் தொட்டனீங்களோ?"

"தொட்டனானோ? ஒரு நாள் தவறாமல் புரட்டினனான்!"

ஐயா மணலிலேயே குந்திவிட்டார்.

"கோழிக்குத்தான் அம்மா அது. ஆமை முட்டையைப் புரட்டினால் குஞ்சு உள்ளுக்கயே செத்துப்போகும்."

"அதையெல்லோ முதல் சொல்லியிருக்க வேணும்!"

"தொடக்கூடாது எண்டு சொன்னனே."

"புரட்டக்கூடாது எண்டு சொன்னீங்களோ?"



அவர் ஒரு முட்டையைக் கிழித்துக் காட்டினார். உள்ளே உளுந்தளவு கண் இருந்தது. அதை நானே வாங்கி மணலில் மூடினேன்.

ஒரு கிழமை மீன் வெட்டினேன். மச்சாள் வேண்டுமென்றே பொடி மீனான சூடையாக வாங்கினாள். "நல்லாப் புரட்டிப் புரட்டிச் செதில் எடுங்கோ மச்சாள்" என்று கதிரையில் இருந்து சொன்னாள்.

அடுத்த வருசம் முட்டை கிண்டித் திருட வந்தவர்களை உலக்கையோடு விரட்டியது நான். கூட்டில் என் விரல்கூடப் படவில்லை. குஞ்சு அத்தனையும் கடலுக்குப் போயின. அதை எவரும் கதைப்பதில்லை. தோசை சுட்டாலும் சரி, தூங்கும் பூட்டப்பிள்ளையைச் சரித்துக் கிடத்தினாலும் சரி, "அம்மம்மா, புரட்டாதேங்கோ!" என்று வீடே கத்தும்.

பிள்ளை, நான் சொல்லச் சொல்ல எழுதினதை வாசி பாப்பம். மச்சாள் முள்ளைப் போட்டுவிட்டுப் படுத்த இடத்தை மட்டும் உரத்து வாசி. வேலிக்கு அங்கால அவளுக்கு இன்னும் நல்லாய்க் காது கேட்கும்.