கொன்னை மரத்தடியில் இருபத்தேழு பேர்

இரணியல்,
16-04-2013.

சம்பவம் நடந்த நாள்: 14-04-2013, ஞாயிறு. நேரம்: மாலை 4.20. டவுன் பூங்காவின் கொன்னை மரத்தில் இருந்த பூக்களின் எண்ணிக்கை: மூன்று. அதன் கீழே நின்ற நம் ஆட்களின் எண்ணிக்கை: இருபத்தேழு.

கர்த்தருக்குள் பிரியமான தேவகுமார் மாமா அவர்களுக்கு, உங்கள் தங்கை மகன் சிஜின் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், வீட்டு இன்வெர்ட்டர் ஆகிய நால்வரும் சுகம். பஹ்ரைனில் உங்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கக் குடும்ப ஜெபத்தில் தினமும் வேண்டிக்கொள்கிறோம். இதைப் படித்து முடித்த பிறகும் அவை கட்டுக்குள் இருந்தால் நல்ல மருந்துதான் சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

போன மாதம் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். அதில் என் கல்யாண விஷயம் நான்கு வரி. மிச்சம் முழுக்க 1984-ஆம் வருஷ வசந்த காலத்தில் டவுன் பூங்கா எப்படி இருந்தது என்பது. முதலில், நம் ஊரில் வசந்தம் என்று ஒரு காலம் இருப்பதே உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவை மழை பெய்கிற மாதம், மழை பெய்யாத மாதம், ரப்பர் இலை கொட்டுகிற மாதம். உங்கள் பூங்காவில் ரோஜாப் பாத்திகள், சாயங்காலம் ஆனால் வானொலிக் கூடத்தில் பாட்டு, நடுவில் வானத்துக்கு எழும்பும் நீரூற்று, அதற்குப் பக்கத்தில் மஞ்சள் குடை பிடித்தது போல ஒரு கொன்னை மரம். ‘ஞானபாயை முதன்முதல் கண்டது அந்த மரத்தடியில்தான், எங்கள் தலைமேல் பூ மழை பெய்தது’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தீர்கள். கோடு போட்டதால் வாக்கியம் உண்மையாகி விடாது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

பூங்காவில் வைத்துப் பெண் பார்க்கலாம் என்ற உங்கள் திட்டம் நல்ல திட்டம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். இதுவரை ஆறு பெண் பார்த்தாயிற்று, ஆறும் என் வாயால் கெட்டது என்பது அம்மாவின் கணக்கு. எலக்ட்ரீஷியன் என்கிற முறையில் ஒரு வீட்டு வயரிங்கில் எர்த் இல்லை என்று சொன்னேன். இல்லாததை இல்லை என்றுதானே சொல்ல முடியும்? இன்னொரு வீட்டில் ஈரக்கையோடு பிரிட்ஜைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்றேன். பெண்ணின் சித்தப்பா நம்பாமல் தொட்டுப் பார்த்து என் கட்சியை நிரூபித்தார். அந்தச் சம்பந்தமும் போயிற்று. வீடு என்றால் வயரிங் இருக்கும், இவன் வாயைத் திறப்பான். பூங்கா என்றால் பூதான் இருக்கும், என்ன குறை சொல்லிவிடப் போகிறான் என்று நீங்கள் யோசித்தீர்கள். பூங்காவில் பம்பு செட்டும் இருக்கும் என்பதை மறந்துவிட்டீர்கள்.

நாளையும் நீங்கள்தான் குறித்தீர்கள். கொன்னை உச்சத்தில் பூக்கிற நாள் சித்திரை ஒன்று, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லாரும் உடுத்திக்கொண்டுதான் இருப்பார்கள் என்று. மாமா, சித்திரை ஒன்று அதிகாலையில் ஊரில் பாதிப் பேர் விசுக்கணி காண்பார்கள், பூவும் பழமும் வைத்த தட்டில் கண் விழிப்பார்கள். கணித்தட்டில் கொன்னைப் பூ இல்லாமல் முடியாது. அதனால் அந்த மரம் பூத்திருப்பது முந்தின நாள் சாயங்காலம் வரைதான். நாம் சர்ச் ஆட்கள், கணி வைக்கிற வழக்கம் நமக்குக் கிடையாது. உங்களுக்கும் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை, பெண் வீடும் நம்ம சர்ச்தான், அவர்களுக்கும் தோன்றவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரம் மொட்டையாக நின்றது. ஒடிந்த கொப்புகள் தரையில் கிடந்தன. உச்சியில் மட்டும் மூன்று பூ. காவல்காரர் ரத்தினத்திடம் கேட்டேன். “நேத்து ஏணி வச்சு ஏறிப் பறிச்சிட்டுப் போயிட்டானுவ. அந்த மூணுக்கும் ஏணி எட்டல்ல, அதான் நிக்குது” என்றார்.

பேச்சு என்னவோ இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேர், தற்செயலாகச் சந்தித்த மாதிரி, என்பதுதான். ஆனால் ஆராதனை முடிந்ததும் அம்மா வாசலில் வைத்து ‘யாரிடமும் சொல்லாதே’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு வேன் நிறைய ஆள் சேர்த்துவிட்டாள். நம் பக்கம் பதினைந்து. உங்கள் வீட்டு ஞானபாய் அத்தை முன் சீட்டில், மடியில் முந்திரிக்கொத்து டப்பா. பெண் பக்கம் பன்னிரண்டு, அதில் ஒருவர் உபதேசியார் பொன்னுலிங்கம். தற்செயலாகச் சந்திக்க வந்த இருபத்தேழு பேரும் பட்டும் வேட்டியுமாக மொட்டை மரத்தடியில் நிற்க, ஒரு ஜெபம் பண்ணித் தொடங்கலாம் என்று உபதேசியார் கண்ணை மூடினார். அவர் கண்ணை மூடினால் திறக்க எத்தனை நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். விடுமுறை நாள், பூங்கா நிறைய ஜனம். திறந்தவெளிக் கூட்டம் நடக்கிறது என்று நினைத்துப் பத்து முப்பது பேர் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு அம்மா முழங்கால் வலிக்கு ஜெபிக்கச் சொன்னார், உபதேசியார் அதையும் சேர்த்துக்கொண்டார். ரத்தினம் ஓடிவந்து, கூட்டம் போட அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். கூட்டம் இல்லை, பெண் பார்க்க வந்தோம் என்று அப்பா விளக்கினார்.

“இருவத்தேழு பேரா சேர்ந்து பாக்கிய?” என்றார் ரத்தினம்.



பிறகு பெண்ணும் பையனும் தனியாகப் பேசட்டும் என்று முடிவாயிற்று. தனியாக என்றால் நீரூற்றுப் பக்கத்துக் கல் பெஞ்சில் நாங்கள் இருவர், பதினைந்தடி தூரத்தில் முந்திரிக்கொத்து தின்றுகொண்டு இருபத்தைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் முழங்கால் வலி அம்மா. உங்கள் ரோஜாப் பாத்தியில் ‘பூக்களைப் பறிக்காதீர்’ என்ற பலகை மட்டும் நன்றாக வளர்ந்திருந்தது. வானொலிக் கூடத்தில் விளக்குமாறுகள். பெண்ணின் பெயர் பெர்லின். பி.காம் முடித்துவிட்டு தக்கலையில் அப்பாவின் ஹார்டுவேர் கடையில் கல்லாவில் இருக்கிறாள். இந்த விவரம் நான்கு பேர் வழியாக எனக்கு முன்பே வந்துவிட்டதால் கேட்க ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு எதையும் குறை சொல்லக் கூடாது என்று அம்மா என்னிடம் பைபிள் மேல் கை வைக்கச் சொல்லாத குறையாகச் சத்தியம் வாங்கியிருந்தாள். குறை சொல்லக் கூடாது என்றால் அந்தப் பூங்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அப்போது மின்வெட்டு நேரம். சரியாக ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. பம்பு அறையில் யாரோ சுவிட்சை அணைக்காமல் போயிருக்க வேண்டும், நீரூற்று மோட்டார் தண்ணீரில்லாமல் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி இருப்பது எனக்கு எப்படி என்று நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவள்தான் முதலில் பேசினாள்.

“அது என்னத்துக்கு இப்பிடி கெடந்து கத்துது?”

“தண்ணி ஏறல்ல. காத்தத்தான் இழுக்குது. ஃபுட் வால்வு போயிருக்கும். இன்னும் பத்து நிமிசத்துல சீல் கருகிரும்.”

“தெரிஞ்சிட்டும் சும்மா இருக்கியளா?”

“எதையும் கொற சொல்லப்பிடாதுன்னு அம்மா சொல்லிருக்கா.”

“நான் கேட்டதுக்குத்தானே சொன்னிய. எந்திரிங்க.”

இதை நன்றாகக் கவனியுங்கள் மாமா. எழுந்திரிக்கச் சொன்னது அவள். பம்பு அறைக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது, அவிழ்த்து முதலில் மோட்டாரை நிறுத்தினேன். குழாயின் அடியில் தண்ணீரைத் தாங்கி நிற்கிற ஃபுட் வால்வு கசிந்தால் குழாயில் ஊற்றுகிற தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கசிகிற வேகத்தைவிட வேகமாக ஒருவர் ஊற்றிக்கொண்டே இருந்து, இன்னொருவர் கணக்காகச் சுவிட்சைப் போட்டால் பிடிக்கும். இரண்டு ஆள் இல்லாமல் நடக்காது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகி, ரத்தினத்தின் செடிக்கு ஊற்றுகிற வாளியை எடுத்துத் தொட்டியில் கோரிக் கோரிக் கொண்டுவந்தாள். ஆறு வாளி. நிறுத்து என்று சொன்னால் நிறுத்தினாள், ஊற்று என்றால் ஊற்றினாள், ஏன் என்று இரண்டு முறை கேட்டாள், சொன்னேன், புரிந்துகொண்டாள். மோட்டாரின் சத்தம் மாறியது. தண்ணீர் பிடித்துவிட்டது. நானும் அவளும் ஒரே நேரத்தில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தோம்.

எத்தனை வருஷம் அந்தக் குழாய்க்குள் சேர்ந்திருந்ததோ தெரியாது. சேறு, இலை, ஒரு தவளை என எல்லாம் முதலில் வந்தது. வானத்துக்கு எழும்பும் என்று நீங்கள் எழுதிய நீரூற்றின் வாய் எப்போதோ ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் இருபத்தைந்து பேரும் நின்றார்கள். உபதேசியாரின் வெள்ளைச் சட்டை கறுப்பாயிற்று. முந்திரிக்கொத்து டப்பா நிரம்பி வழிந்தது. பெண்ணின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். அம்மா மட்டும்தான் பேசினாள்: “ஏலே, ஒரு மணிக்கூறு வாய மூடிட்டு இருக்க முடியாதா மக்கா ஒனக்கு?” வாயை மூடத்தான் சொன்னாள், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முழங்கால் வலி அம்மா எல்லாருக்கும் முன்னால் ஓடி வாசலைத் தாண்டியிருந்தார். அன்றைய தினத்தில் பலித்தது அந்த ஜெபம் ஒன்றுதான்.

பெண்ணின் அப்பா கிளம்பும்போது, “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புதோம்” என்றார். இதே வாக்கியத்தை ஆறு முறை கேட்டவன் நான். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இதற்கு முன்னால் ஆறு முறை கேட்டபோதும் வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். இந்த முறை ஏனோ தின்னவில்லை. சேற்றுத் தண்ணீர் வாயில் போயிருக்கும்.

திரும்பி வரும்போது வேனில் ஈரத்தோடு இருந்த அத்தையிடம் உங்கள் பூ மழையைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் இரண்டு கோடு போட்ட வரியையும் சொன்னேன். அத்தை சேலையைப் பிழிந்துகொண்டே சிரித்த சிரிப்பில் டிரைவர் திரும்பிப் பார்த்தான். “எங்க பூ மழ? அன்னைக்கும் விசு நாளுதான். மரத்துல இலைகூட இல்ல. ஒங்க மாமா உச்சியில நின்ன ஒரு கொப்புப் பூவுக்காண்டி மேல ஏறி, எறங்கத் தெரியாம, காவக்காரன் கீழ நின்னு சட்டையப் புடிச்சு இழுத்துட்டுக் கெடந்தான். நான் நின்னு பாத்துட்டு இருந்தேன்” என்றார். ஆக, உங்கள் வசந்த காலத்திலும் மரம் மொட்டைதான். இருபத்தொன்பது வருஷமாக ஒரு தப்பான ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, அதே மரத்துக்கு அதே நாளில் என்னையும் அனுப்பிவைத்திருக்கிறீர்கள்.

எனவே என் முடிவு. இனி பெண் பார்க்க எங்கும் வரமாட்டேன். பூங்கா இருக்கிற தெரு வழியாகப் பைக்கைக்கூட ஓட்டமாட்டேன். உங்கள் கம்பெனியில் எலக்ட்ரீஷியன் வேலை காலியிருந்தால் விசா அனுப்புங்கள். அங்கே பாலைவனம், பூ பூக்காது, நிம்மதி. லீவு முடிந்து வியாழக்கிழமை திரும்புகிற முத்துக்கனி அண்ணன் கையில் இந்தக் கடிதத்தையும், அத்தை தந்த நேந்திரங்காய் வற்றலையும் கொடுத்து விடுகிறேன். வற்றல் நனையவில்லை. உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. ரூமில் உள்ளவர்களுக்கும் என் தோத்திரம்.

கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
சிஜின்.

பி.கு: புதன், 17-04-2013, காலை 10.40. கவரை ஒட்டப் போகிற நேரத்தில் தக்கலைப் பஸ் கண்டக்டர் ஒரு பார்சலை என் ஒர்க்‌ஷாப்பில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே ஒன்றரை இஞ்ச் பித்தளை ஃபுட் வால்வு, புதுசு. குழாய் ஒன்றரை இஞ்ச் என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை, வாளி ஊற்றும்போதே பார்த்திருக்கிறாள். கடைச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தது: ‘அப்பா சம்மதிச்சாச்சு. உங்க வீட்டுக்கு இன்னைக்குச் சாயங்காலம் போன் வரும். ஞாயித்துக்கிழமை இதை மாட்டணும். ரெண்டு ஆள் போதும்.’ மேலே எழுதியதையெல்லாம் திருத்த நேரம் இல்லை, முத்துக்கனி அண்ணன் வாசலில் நிற்கிறார். விசா வேண்டாம். நான் இனிச் செய்யப் போவது:

1. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் யாரிடமும் ‘சொல்லாதே’ என்று சொல்லமாட்டேன்.

2. உபதேசியாரின் சட்டையை வெளுக்கப் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன், எங்கே போகிறேன் என்று சொல்லாமல்.

3. ரத்தினத்திடம் இரண்டு பேருக்கு மட்டும் என்று எழுதி அனுமதி வாங்குவேன்.

4. ஃபுட் வால்வை மாட்டி, நீரூற்றின் வாயை நிமிர்த்துவேன். ஊற்றுகிற வேலை அவளுக்கு.

5. அந்த மூன்று பூவும் இன்னும் நின்றால் ஒன்றைப் பறிப்பேன். ஒர்க்‌ஷாப்பில் இருபதடி ஏணி இருக்கிறது. எனக்கு இறங்கவும் தெரியும்.