மாமாவின் காரும் என் கற்பூரமும்

டிரைவிங் லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆகாத ஒருத்தரிடம் எதை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், கார் சாவியை மட்டும் ஒப்படைக்கக் கூடாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. அந்த ஒருத்தர் நான்தான்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. எல்லோரும் செல்போனில் பாம்பு விட்டு விளையாடிக்கொண்டிருந்த காலம். காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். திருமலைராயன்பட்டினத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வார்.

அவருடைய அப்பா, அதாவது என் வருங்கால மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால் குழந்தைகூட வழி காட்டும். சிரிப்பதற்குக்கூட மேலதிகாரியிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்பது போல முகத்தை வைத்திருப்பார். அவரிடம் ஒரு பழைய பிரெஞ்சுக் கார் இருந்தது. கன்னங்கரேல் என்று, தவளை முழிப்பது மாதிரி இரண்டு விளக்குகளோடு. ஸ்டியரிங் இடது பக்கம். அதற்கு வீட்டில் வைத்திருந்த பெயர் 'மதாம்', பிரெஞ்சில் சீமாட்டி. மாமா அதைத் தினமும் துடைப்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுவார். வேறு யாரும் அதன் மேல் சாயக்கூடக் கூடாது.

பிரான்ஸில் இருக்கிற அவருடைய மூத்த மகளுக்குப் பிரசவம் என்று மாமாவும் அத்தையும் இரண்டு மாதம் போக வேண்டி வந்தது. மாமாவை விட்டால், இரண்டு குடும்பத்திலும் சேர்த்துக் கார் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் நான். மாமா சாவியை என் உள்ளங்கையில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்து, அது போதும் என்றார். அது போதும் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு அது போதவில்லை.

பெயின்ட் அங்கங்கே மங்கியிருந்தது. மாமா திரும்பி வரும்போது புதுப்பொண்ணு மாதிரி நிறுத்தினால் 'மருமவள்னா இவதான்' என்று உருகிப்போய்விடுவார் என்று கற்பனை செய்தேன். (உருகியது வேறு.) யாரிடமும் சொல்லாமல் மதாமைக் கோட்டுச்சேரி ரோட்டில் ராஜேந்திரன் என்கிற மெக்கானிக்கின் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டேன். நல்ல வேலைக்காரர். பத்து நாளில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்கிற மாதிரி பளபளப்பு ஏற்றிவிட்டார்.

எடுக்கப் போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெயின்ட் இன்னும் காயவில்லை, நாளைக்கு வாங்க டீச்சர் என்றார். நாளைக்குச் சனிக்கிழமை, சனிக்கிழமையில் வண்டி எடுப்பார்களா? இன்றைக்கே பத்தரைக்குள் திருஷ்டி கழித்துவிடுகிறேன், வண்டியை நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கையோடு கொண்டுபோன பூசணிக்காயை எடுத்தேன். வெளியே ரோட்டில் உடைங்க என்று அவர் சொன்னார். வண்டி உள்ளே இருக்கும்போது திருஷ்டியை மட்டும் வெளியே எப்படிக் கழிப்பது என்று நான் தர்க்கம் பேசினேன். கணக்கு டீச்சர் இல்லையா?

பூசணிக்காய் மேல் கற்பூரத்தை ஏற்றி, மதாமை மூன்று சுற்று சுற்றி, முன்னால் வந்து நின்று ஓங்கிப் போட்டேன். கற்பூரத்தை எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது போட்ட பிறகு ஞாபகம் வந்தது. காய் நாலாகப் பிளந்தது. மூன்று துண்டு ஒழுங்காகக் கிடந்தது. நாலாவது துண்டு, மேலே எரிகிற கற்பூரத்தோடு, உருண்டு உருண்டு காரின் வலது பக்கமாகப் போய், பெயின்ட் கரைக்கிற தின்னரில் நனைத்துப் போட்டிருந்த துணி மூட்டைக்குப் பக்கத்தில் நிதானமாக நின்றது.

அப்புறம் நடந்ததற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 'புஸ்' என்று ஒரு சத்தம். ராஜேந்திரன் என் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார். கீற்றுக் கூரை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் மணலை வாரி வாரிக் கொட்டினார்கள். தீயணைப்பு வண்டி வந்தபோது அணைப்பதற்குப் புகைதான் இருந்தது. நல்ல காலம், யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை.

மதாமைச் சுற்றி வந்து பார்த்தேன். இடது பக்கம் கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி ஜொலித்தது. வலது பக்கம் சுட்ட கத்திரிக்காய். முன் மட்கார்டும் கதவும் அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன, கண்ணாடி சிதறிவிட்டது, அந்தப் பக்கத்து டயர் இரண்டும் உருகித் தரையோடு தரையாகிவிட்டன. இந்த வண்டிக்கு மட்கார்டு இந்தியாவிலேயே கிடைக்காது என்று ராஜேந்திரன் சொன்னார். என் மேல் அவர் கோபப்படவில்லை. மெல்லிய குரலில், தயவுசெய்து வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க டீச்சர் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மாமா வர இன்னும் மூன்று வாரம். அன்றைக்குப் போன் செய்த மாப்பிள்ளை, மதாம் எப்படி இருக்கு என்று கேட்டார். நல்லா சூடா இருக்கு என்றேன்.

எனக்கு இருந்த ஒரே கதி என் அண்ணன் சேகர். பட்டினச்சேரியில் ஃபைபர் போட் கட்டுகிறவன். பாறையில் மோதி இரண்டாகப் பிளந்த போட்டைக்கூட ஒட்டிக் கடலுக்கு அனுப்பியிருக்கிறான். வந்து பார்த்தான். மதாமை ஒரு சுற்று சுற்றி வந்தான். பிறகு, "நீ கணக்கு டீச்சரா, இல்ல லங்கையை எரிக்க வந்தவளா?" என்று கேட்டுவிட்டு, போட்டை மணலில் இழுக்கிற டிராக்டரைக் கொண்டுவரப் போனான்.

இரண்டு பழைய டயரை மாட்டினோம். ஊரே அடையாளம் தெரிந்துகொள்கிற வண்டி என்பதால் நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடி, மேலே பழைய வலையைக் கட்டி, எனக்கு எதிரே மட்டும் ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை விட்டான். கயிற்றைக் கட்டிய பிறகு, பிரேக் கிடையாது, ஸ்டியரிங்கை மட்டும் பிடி, நான் நிறுத்தினா நீ என் மேல வந்து மோதுவ, அதுக்குத்தான் டிராக்டர் பின்னாடி டயர் கட்டியிருக்கேன் என்று விளக்கினான். (இதைவிடத் தெளிவான பாதுகாப்பு விளக்கத்தை நான் விமானத்தில்கூடக் கேட்டதில்லை.)

காரைக்கால் ஊருக்குள் நுழைவதற்குள் நாலு தடவை அவன் மேல் மோதியிருந்தேன். சிக்னலில் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் கை காட்டினார். அண்ணன் நின்றான். நான் அஞ்சாவது தடவையாக மோதித்தான் நின்றேன். போலீஸ்காரர் ஓட்டைக்குள் குனிந்து பார்த்தார். புகை படிந்த முகத்தோடு ஒரு பெண் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறாள். (திருஷ்டி கழிக்க என்று கட்டிய புடவை.)  லைசென்ஸ் கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் லைசென்ஸ் கேட்டதில்லை. அவ்வளவு அமளியிலும் எனக்கு அப்படி ஒரு பெருமை. பையைத் திறந்து எடுத்து நீட்டினேன். அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"ஏம்மா, உள்ள என்னா மீனு?" என்றார்.

"சுறா," என்றேன்.

"கருகின வாடை அடிக்குது, சீக்கிரம் கொண்டு போங்க," என்று வழிவிட்டார்.

அரசலாற்றுப் பாலத்தின் இறக்கத்தில் மதாம் டிராக்டரை முந்தப் பார்த்தாள். கயிறு தொய்ந்து, அண்ணன் திரும்பிப் பார்த்தபோது நான் அவன் தோளுக்குப் பக்கத்தில் இருந்தேன். பிற்பாடு பலரிடம் சொன்னான்: பயத்தில் கத்துவாள் என்று பார்த்தால், கை தூக்கி ஹாரன் அடித்துவிட்டுப் போனாள் என்று. அது பயத்தில் கை பட்டது.

பட்டினச்சேரியில் வேலை ஆரம்பமானது. முன் மட்கார்டையும் கதவையும் ஃபைபரில் வார்ப்பது என்று திட்டம். அதற்கு அச்சு வேண்டும். நல்லா இருக்கிற இடது பக்கத்தை அச்சு எடுத்து, அப்படியே வார்த்து, வலது பக்கம் மாட்டிவிடலாம் என்று ஐடியா கொடுத்தது நான். அண்ணனும் அவனுடைய ஆட்களும் இரண்டு நாள் உழைத்தார்கள். நான் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து மேற்பார்வை பார்த்தேன். மூன்றாம் நாள் மட்கார்டு அற்புதமாக வந்தது. தூக்கிக்கொண்டு போய் வலது பக்கம் வைத்தோம். பொருந்தவில்லை. திருப்பி வைத்தோம். தலைகீழாக வைத்தோம். எப்படி வைத்தாலும் அது இடது மட்கார்டாகவே இருந்தது.

அண்ணன் தன் வலது கைச் செருப்பை, மன்னிக்கவும், வலது கால் செருப்பைக் கழற்றி இடது காலில் மாட்டிக்கொண்டு என் முன்னால் நாலு அடி நடந்து காட்டினான்.  அந்த வாரம்தான் நான் எட்டாம் வகுப்புக்குச் சமச்சீர் நடத்திக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் இடது வலதாகும் என்று கரும்பலகையில் படம் வரைந்த அதே கைதான் இது.

அப்புறம் அவன் என்னைப் பக்கத்தில் விடவில்லை. கண் அளவிலேயே செதுக்கி வார்த்தான். போட் கட்டிப் பழகிய கை ஆனதால் மட்கார்டின் முன்பக்கம் கொஞ்சம் கூர்மையாக, அலையைக் கிழிக்கத் தயாராக இருந்தது. போட் எஞ்சின் பார்க்கிறவர் வயரையும் பிரேக்கையும் சரி செய்தார். கறுப்புப் பெயின்ட் அடித்தார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. கிட்டத்தில் பார்த்தால் லேசாக ஃபைபர் ஒட்டுகிற ரெசின் வாடை வரும். அதை மறைக்க ஊதுபத்தி ஏற்றலாமா என்று நான் கேட்டதும் அண்ணன் என் கையில் இருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி வீட்டுக் கூரைமேல் எறிந்தான்.

மாமாவும் அத்தையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார்கள். நான் மதாமின் வலது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தேன். அத்தை குளிக்கப் போனார். மாமா பெட்டியைக்கூடத் திறக்காமல் காரிடம் வந்தார். இடது பக்கத்தைப் பார்த்தார். முகத்தில் ஏதோ அசைந்தது. எங்கள் வீட்டில் அதைச் சிரிப்பு என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் அந்த ஜாதிதான்.

"பெயின்ட் அடிச்சியாம்மா?"

"ஆமாங்க மாமா. உங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு."

அவர் இடது கதவை விரலால் தட்டினார். 'டங்' என்றது. ஒருக்களித்துச் சுவருக்கும் காருக்கும் நடுவே நுழைந்தார். அங்கே தட்டினார். 'டொக்' என்றது. மறுபடி இந்தப் பக்கம் வந்தார். டங். அந்தப் பக்கம். டொக்.

"ரெண்டு மாசமா வெயில்ல நின்னுச்சுங்க மாமா, அதான் தொண்டை கட்டியிருக்கு," என்று நான் சொன்னேன். ஆமாம், ஒரு காரைப் பற்றி இதைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. கற்பூரம், பூசணிக்காய், சுறா, இடது மட்கார்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று மனசுக்குள் மோதிரத்தைக் கழற்றிக்கூட வைத்துவிட்டேன்.

மாமா வாசலை எட்டிப் பார்த்தார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. என்னை இடது பக்கம் பின் மட்கார்டுக்கு அழைத்துப்போய், தட்டு என்றார். தட்டினேன். டங்கும் இல்லை, டொக்கும் இல்லை. 'டப்' என்றது.

"பிஸ்கட் டின்னு," என்றார் மாமா, மிலிட்டரி ரகசியம் சொல்வது போல. "பதினெட்டு வருஷமாச்சு. ரிவர்ஸ் எடுக்கறப்ப ஐஸ் கம்பெனி சுவத்துல போய் இடிச்சேன். உங்க அத்தை அப்ப அம்மா வீட்டுல இருந்தா. டின்னை வெட்டி வச்சு பட்டி பூசிட்டேன். வண்டி அவ அப்பா குடுத்தது தெரியுமில்ல?"

எனக்குத் தெரியாது. மதாம் மாமாவுடையது என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருந்தது.

"இத்தனை வருஷமா நான் ஒருத்தனே பயந்துக்கிட்டிருந்தேன். இப்ப துணைக்கு நீ வந்துட்ட," என்றார். அப்போது நிஜமாகவே சிரித்தார். பல் தெரிந்தது. அவருக்கு அவ்வளவு பல் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு அதே காரில்தான் ஊர்வலம் போனோம். நாலைந்து வருஷத்தில் உப்புக்காற்றில் இடது பக்கம் முழுக்கத் துரு ஏறிவிட்டது. அண்ணன் செய்த வலது பக்கம் மட்டும் இன்றைக்கும் மின்னுகிறது. அதைக் காட்டித்தான் அவன் புது போட்டுக்கு ஆள் பிடிக்கிறான்.

எங்கள் கூட்டணி பதினோரு மாதம் தாங்கியது. பொங்கலுக்கு வண்டியைக் கழுவிய அத்தை, ஈரத்துணியோடு சுற்றிச் சுற்றி வந்து தட்டிக்கொண்டிருந்தார். டங், டொக், டப். டங், டொக், டப். பிறகு உள்ளே வந்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தி, யாரு மொதல்ல சொல்றீங்க என்று கேட்டார். மாமா என்னைக் கை காட்டினார். நான் மாமாவைக் கை காட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பொய்க்குப் பெயர் 'டொக்'. என் மகன் சென்னை ஹாஸ்டலில் இருந்து, சாப்பிட்டேம்மா என்று சொன்னால் நான் போனைத் தட்டுகிறேன். மஸ்கட்டில் இருந்து திரும்பிவிட்ட அவனுடைய அப்பா, எடை குறைந்துவிட்டது என்று அறிவித்தால் மாமா நாற்காலிக் கையைத் தட்டுகிறார்.

போன வாரம் இதை எழுதி முடித்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை நடந்தபடியே, கூட்டாம குறைக்காம எழுதியிருக்கேன் அத்தை என்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்தில் இருந்த முறத்தை இழுத்து, ஒரு விரலால் இரண்டு தட்டுத் தட்டினார்.