நடக்காத போருக்கு ஆதாரம்

"பக்கத்து நாட்டை மூணே நாள்ல மண்ணைக் கவ்வ வச்சோமே, அந்தத் தீவுப் போரை மறக்க முடியுமா?"

தொலைக்காட்சித் திரையில் வேட்பாளர் முழங்கினார். கூட்டம் விசிலடித்தது. செய்தி சேனலின் உண்மை சரிபார்ப்பு மேசையில் இருந்தவள் மட்டும் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அதற்குள் எல்லோருடைய பிழையையும் பிடித்துப் பிடித்து, அலுவலகத்தில் 'திருத்தம்' என்றே பெயர் வாங்கிவிட்டாள்.

"சார், அப்படி ஒரு போரே நடக்கலை! அந்த நாட்டோட நாம சண்டை போட்டதே கிடையாது!"

செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஆதாரம் இருக்கா?"

"நடக்காததுக்கு எங்கே சார் போய் ஆதாரம் தேடுறது?"

"அப்போ வம்பு வேண்டாம். 'மறக்க முடியுமா தீவுப் போரை?'ன்னு கேள்விக்குறி போட்டு ஓட்டிடு. கேள்வி கேட்டா எவனும் கேஸ் போட முடியாது."

திருத்தத்துக்கு மனசு ஆறவில்லை. எதிர்க்கட்சி வேட்பாளரை நேரலையில் பிடித்தாள். மேடையில் முழங்கியவர் சொன்னதை இவர் மறுக்காமலா போவார்?

"பச்சைப் பொய்!" என்று அவர் சீறினார். அவளுக்கு உயிர் வந்தது. "மூணு நாளாம், மூணு நாள்! ரெண்டே நாள்ல முடிச்சோம். அதுவும் எங்க ஆட்சியில!"

போச்சுடா! போர் நடந்ததா என்ற பேச்சே போய், எத்தனை நாள் நடந்தது என்று ஊரே அடித்துக்கொண்டது.

அவள் விடுவாளா? ஓய்வுபெற்ற தளபதி ஒருவரை அரங்கத்துக்கு அழைத்து வந்தாள். ஒப்பனை அறையில், "அப்படி எதுவும் ஞாபகம் இல்லையேம்மா" என்றுதான் சொன்னார் மனுஷன். கேமரா பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு... என்ன மழை, என்ன மழை!" என்று கண்ணைத் துடைத்தார். தொகுப்பாளரும் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன்.

"ஏண்டி, உங்க சித்தப்பாவும் அந்தப் போருக்குப் போனவராமே? இப்பத்தான் வாயைத் திறக்கிறாரு. எல்லாரும் கால்ல விழுந்துட்டு இருக்கோம்."

"சித்தப்பா பேங்க்ல கேஷியரா இருந்தவரும்மா!"

"அது சும்மா வெளியில சொல்லிக்கிட்டதாம்."

ஆசிரியர் ஆனந்தக் கூத்தாடாத குறைதான். சேனலை இத்தனை பேர் பார்த்ததே இல்லை. "மாலைச் செய்தியில உண்மைன்னே போட்டுடுவோம். சரிபார்த்தது யாருன்னு உன் பேரையும் போடறேன், சந்தோஷமா?"

"என் பேரா!" அவள் குறுக்கே பாய்ந்தாள். இந்தப் பொய்க்குக் கீழே தன் பெயர் வந்தால் எந்த முகத்தோடு இந்தத் தொழிலில் இருப்பது? "சார், ஒரே ஒரு போன். தோத்ததா சொல்றோமே, அந்த நாட்டுத் தூதரகத்தையே கேட்டுடலாம். அவங்க மறுத்தா நாம மறுப்பு போடணும். ஒத்துக்கிட்டாங்கன்னா நான் வேலையை விட்டுடறேன்!"

"நேரலையிலயே கேளு!" என்றார் ஆசிரியர்.

அலுவலகமே மேசையைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தூதரக அதிகாரி விஷயத்தைக் கேட்டதும் கொதித்தார்.

"நாங்க தோத்தோமா? சுத்தக் கட்டுக்கதை! வன்மையா மறுக்கிறோம்!"

"கேட்டீங்களா சார்! கேட்டீங்களா!" திருத்தம் குதித்த குதியில் மேசை ஆடியது. ஆசிரியர் முகம் தொங்கிப்போய் மறுப்பு எழுதப் பேனாவைத் திறந்தார்.

அதிகாரி இன்னும் முடிக்கவில்லை.

"ஜெயிச்சது நாங்கம்மா! நேத்துதானே எங்க வேட்பாளர் மேடையில சொன்னாரு!"