குடைநாட்டில் வீடு என்பது யாதெனில்

எந்த வரைபடத்திலும் இல்லாத, ஆனால் எல்லாருக்கும் வழி தெரிந்த குடைநாட்டில், ஐந்தாண்டுக்கு ஒரு முறை மக்கள் தங்கள் மன்னரைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த பிறகு அடுத்த ஐந்தாண்டு தங்களைத் தாங்களே நொந்துகொள்வார்கள். இரண்டுமே அந்நாட்டுச் சட்டப்படி மக்களின் உரிமைகள்.

மன்னர் நெடுங்கோ சென்ற தேர்தலில் ஜெயித்தது கூரையால். குடைநாட்டில் வீடுகள் எல்லாம் அரசுக்குச் சொந்தம். மக்கள் அவற்றில் குடியிருக்கலாம். ஓர் ஆணி அடிக்கக் கூடாது. பழுதுபார்ப்பது அரசின் கடமை என்பதால், அதைக் குடிமக்கள் செய்தால் கடமைத் திருட்டு. பொரிக்காரத் தெரு மாரப்பன் ஒரு முறை பொறுக்கமாட்டாமல் கூரையேறி, உடைந்த ஓடு ஒன்றை மாற்றிவிட்டான். அரசு ஆட்கள் வந்து அந்த நல்ல ஓட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, உடைந்ததை அவன் கையாலேயே பழைய இடத்தில் வைக்கச் சொல்லி, சரியாக வைத்தானா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அரசு எதையும் கவனிப்பதில்லை என்று குறை சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே, வீடு பராமரிப்புச் சட்டம் கொண்டுவருவேன் என்று நெடுங்கோ சொன்னதும் நனைந்துகொண்டிருந்த நாடே அவருக்கு வாக்களித்தது. சட்டமும் வந்தது. ஆனால் அந்நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் அத்தியாயத்தில் உள்ள சொற்களுக்கெல்லாம் பொருள் வரையறுத்த பிறகுதான் எந்தச் சட்டமும் நடைமுறைக்கு வரும். அதற்கென்று பதினொரு பேர் கொண்ட சொல்வரையறைக் குழு இருந்தது. எந்தப் பொருளை வரையறுக்கிறார்களோ அதைக் குழுவினர் கண்ணால் பார்க்கக் கூடாது. பார்த்தவர் சாட்சியாகிவிடுவார், சாட்சி தீர்ப்பு எழுதக் கூடாது என்பது அவர்கள் நியாயம். குழுவின் தலைவர் இல்லக்காப்பு அமைச்சர் கொற்றவேலர். எதையும் பார்க்காமலே பேசுவதில் அவர் இளமையிலிருந்தே தேர்ந்தவர்.

முதல் நான்கு ஆண்டுகளில் குழு 'சட்டம்' என்ற சொல்லை வரையறுத்து முடித்தது. ஐந்தாம் ஆண்டு ஆடி மாதத்தில்தான் வீட்டுப் பக்கம் வந்தது.

அதே ஆடியில் பொரிக்காரத் தெரு அங்காயி அமைச்சரைப் பார்க்க மனுவோடு வந்து நின்றாள். பொரி வறுத்து விற்று, தனியாளாய் மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். மகள் செவந்திக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பதால் கார்த்திகையில் பிள்ளை அங்காயியின் வீட்டில் பிறந்தாக வேண்டும். அந்த வீட்டிலோ ஏழு இடத்தில் ஒழுகியது.

"ஐயா, பொரட்டாசியில வளகாப்பு முடிச்சுப் புள்ளயக் கூட்டியாறணும். எனக்கு வீடு பூராவும் வேண்டாங்க. பச்சப்புள்ளயப் போட ஒரு மூல, ஒரே ஒரு மூல காஞ்சு கெடந்தாப் போதும்" என்றாள்.

அமைச்சர் கனிவோடு கேட்டார். "அம்மா, 'ஒழுகல்' என்றால் என்னவென்று தாங்கள் அறிவீர்களா?"

"அறியாம என்னங்க. தலையிலதானே விழுந்துக்கிட்டு இருக்கு."

"அது தங்கள் அனுபவம். அனுபவத்தை வைத்துக்கொண்டு அரசு நடத்த முடியாது. வரையறை வரட்டும்."

பதினைந்து நாளில் வந்தது. ஆய்வாளரின் முன்னிலையில், ஒரே இடத்தில், நாழிகைக்கு நூறு துளிக்குக் குறையாமல் மேலிருந்து விழும் மழைநீரே ஒழுகல். நூறுக்குக் குறைந்தால் அது கசிவு. கசிவு குறித்த மனுக்களை வாங்கத் தனித் துறை ஒன்று தோற்றுவிக்கப்படும். அது எப்போது என்பது பற்றி வரையறை எதுவும் சொல்லவில்லை.

ஆய்வாளர் ஒரு நல்ல வெயில் நாளில் அங்காயியின் வீட்டுக்கு வந்தார். மழை நாளில் வந்தால் அளவுப் புத்தகம் நனைந்துவிடும் என்பதால் ஆய்வுகள் எல்லாம் வெயிலில்தான் நடக்கும். ஏழு இடத்துக்கும் அடியில் தனித்தனியாக ஒரு நாழிகை நின்று துளிகளை எண்ணினார். ஒன்றும் விழவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இருங்க ஐயா, ரெண்டு பொரி சாப்பிட்டுட்டு இருங்க. இன்னிக்கு மழ வரும்போல இருக்கு" என்று கெஞ்சினாள் அங்காயி.

ஆய்வாளர் நின்ற இடத்திலிருந்தே தலையை நிமிர்த்தி, கூரையின் பொத்தல் வழியே வானத்தைப் பார்த்தார். "ஆமாம், மேகம் கூடுகிறது. நான் கிளம்ப வேண்டும்" என்று சொல்லி, 'ஒழுகல் இல்லை' என்று எழுதிவிட்டு விரைந்தார்.

இப்படி நாடு முழுவதிலும் ஒழுகல் இல்லாமல் போன பிறகும் மனுக்கள் குறையவில்லை. மன்னருக்குக் கோபம் வந்தது. "இல்லாத ஒன்றைப் பற்றி இத்தனை மனுவா?" என்றார். கொற்றவேலர் தலைவணங்கிச் சொன்னார். "மன்னா, குழப்பம் 'கூரை' என்ற சொல்லில் இருக்கிறது. மழையைத் தடுப்பது எதுவோ அதுவே கூரை. தடுக்காதது கூரை அல்ல. கூரை ஒழுகுகிறது என்று ஒருவன் சொன்னால் அவன் சொல்வது நடக்கவே முடியாத காரியம். அரசின் மீது அவதூறு." மன்னர் மகிழ்ந்து அன்றைக்கே முத்திரை குத்தினார். உலகிலேயே எந்தக் கூரையும் ஒழுகாத ஒரே நாடு என்று தெருவுக்குத் தெரு வளைவு கட்டினார்கள். வளைவில் போட்ட கீற்றைத் தன் வீட்டு முகட்டில் போட்டுக்கொள்ளலாமா என்று அங்காயி கேட்டாள். கேட்டதற்கே மிரட்டி அனுப்பினார்கள்.

இந்த இடத்தில் குழு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினொரு பேருக்கும் வேலைமேல் பற்று அதிகம். கூரை உள்ளது வீடு என்று அடுத்து வரையறுத்தார்கள். ஒருவரும் போய்ப் பார்க்காததால், இந்த ஒரு வரியில் நாட்டின் வீடுகள் எல்லாம் வீடு இல்லாமல் போய்விட்டன என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. மேலே கூரை இல்லாத நிலம் சட்டப்படி திறந்தவெளி. திறந்தவெளியில் அரசு ஆடுகளை மேய விடலாம் என்பது பழைய விதி. ஆடுகள் வந்தன. அங்காயியின் ஒரு வாரப் பொரி மேய்ச்சலில் போயிற்று.

"ஏம்ப்பா, வீட்டுக்குள்ள ஆட்ட ஓட்டிக்கிட்டு வர்றியே, நாயமா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் அக்கா. மைதானம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அந்தக் கதவச் சாத்திக்க, ஆடு வெளிய போயிரும்" என்றான் மேய்ப்பவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் வீட்டிலும் வேறொருவன் மேய்த்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசியில் வளைகாப்பு முடிந்து செவந்தி வந்துசேர்ந்தாள். அந்த வாரமே கடைசிச் சொல்லுக்கும் பொருள் வந்தது. வீட்டில் வசிப்பவரே குடியிருப்பவர். திறந்தவெளியில் தங்குகிறவர் வழிப்போக்கர். வழிப்போக்கர் ஓரிடத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ஆறு மாதச் சிறை.

பொரிக்காரத் தெருவில் நாற்பது வீடு. தெருவார் கூடிப் பேசி, மூன்று நாளுக்கு ஒரு முறை எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு மாறுவது என்று முடிவெடுத்தார்கள். நாற்பதாவது வீட்டுக்காரர் சுற்றிக்கொண்டு முதல் வீட்டுக்கு வருவார். பொத்தலுக்கு அடியில் வைத்த பானைகள் மட்டும் அந்தந்த வீட்டோடு இருக்கட்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். இது நன்றாகவே நடந்தது. உள்நாட்டுச் சுற்றுலா பெருகிவிட்டதாக அரசு அறிவித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு செவந்தி மட்டும் ஒவ்வொரு வாசல்படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து போனாள்.

கார்த்திகையில், பதினாறாவது வீட்டில் மூன்றாம் நாள் மதியம், எல்லாரும் பாயைச் சுருட்டுகிற நேரத்தில் செவந்திக்கு வலி கண்டது. அங்காயி நகரவில்லை. மறுநாள் காலையில் இருவரையும் நடுவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"வழிப்போக்கரே, ஏன் போகவில்லை?" என்றார் நடுவர்.

"புள்ளைக்கு வலி எடுத்துருச்சுங்க சாமி. கதவத் தாண்ட முடியல."

"திறந்தவெளியில் கதவு ஏது? பொய் வேறு சொல்கிறாய். ஆறு மாதம், இருவருக்கும்."

குடைநாட்டின் மத்தியச் சிறையைக் கட்டியவர் நெடுங்கோவின் பாட்டனார். அவரையும் மக்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். கைதிகள் மேல்வழியாகத் தப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர் ஈகூட நுழையாதபடி கருங்கல்லால் வளைத்துக் கூரை போட்டிருந்தார். வெளியே அடைமழை. அங்காயி மகளைப் படுக்கவைத்துவிட்டுத் தரையைக் கையால் தடவிப் பார்த்தாள். நான்கு மூலையும் போய்த் தடவிப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சாயங்காலம் பேரன் பிறந்தான்.

தை மாதம் தேர்தல். தலைமைத் தேர்தல் அதிகாரி வாக்காளர் பட்டியலோடு அரண்மனைக்கு வந்தார். பட்டியல் ஒரே பக்கம் இருந்தது.

"குடியிருப்பவர்தான் வாக்காளர், மன்னா. வரையறைப்படி நாட்டில் இருப்பது ஒரே வீடு, மத்தியச் சிறை. அங்கே பத்தொன்பது திருடர்களும் ஒரு தாயும் மகளும் குடியிருக்கிறார்கள்."

"நான்?"

அதிகாரி மேலே பார்த்தார். மன்னரின் கட்டிலுக்கு மேலே நான்கு சேவகர்கள் எப்போதும் குடை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது தமக்குச் செய்யும் மரியாதை என்றுதான் மன்னர் அதுவரை நினைத்திருந்தார். "தாங்களும் வழிப்போக்கர்தான், மன்னா. தேர்தலில் நிற்கலாம், வாக்களிக்கத்தான் முடியாது. வரையறையை மாற்றலாமென்றால், 'மாற்றம்' என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும், ஆறு ஆண்டு ஆகும்" என்றார்.

விஷயம் வெளியே பரவியது. வாக்குரிமையை விட, உள்ளே நனையவில்லை என்ற செய்திதான் வேகமாகப் பரவியது. மக்கள் மூன்றாம் நாள் முடிந்தும் நகராமல் உட்கார்ந்துகொண்டார்கள். கைதாவதற்குச் சிபாரிசுக் கடிதம் தேவைப்பட்டது. மாரப்பன் நான்கு நாள் காத்திருந்தும் யாரும் பிடிக்க வராததால், தலையணையும் கையுமாகச் சிறை வாசலுக்கே போய்ச் சண்டை போட்டு உள்ளே நுழைந்தான். தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிறைக்குள் எண்ணூறு வாக்காளர்கள்.

முதலில் மன்னர் நெடுங்கோ வாக்குக் கேட்டு வந்தார். கைகளை விரித்து, "என் அன்பு மக்களே, என்னை மீண்டும் தேர்ந்தெடுத்தால் உங்கள் அனைவருக்கும் விடுதலை" என்று அறிவித்தார்.

பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள். மாரப்பன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். "மகராசா, நாங்க என்னங்க தப்புப் பண்ணினோம்?"

மறுநாள் கொற்றவேலர் வந்தார். அன்று காலையில்தான் மக்கள் படும் துயரம் தாங்காமல் அமைச்சர் பதவியைத் துறந்து, புதுக் கட்சி தொடங்கியிருந்தார். முதல் முறையாக ஒரு வீட்டை உள்ளே வந்து பார்த்ததால் அவர் முகத்தில் கொஞ்சம் வியப்பு இருந்தது.

"தாய்மார்களே, பெரியோர்களே. நான் ஆட்சிக்கு வந்தால் ஏழை பணக்காரன் பேதமின்றி உங்கள் ஒவ்வொருவருக்கும் ஆயுள் தண்டனை."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. செவந்தி தாயின் காதருகே குனிந்தாள். "எம்மா, இந்தாளுதானே நம்மள ஆட்டுக்கும் மழைக்கும் விட்டது?"

"இவருதாண்டி" என்றாள் அங்காயி. "வெளிய எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியுமா? இங்கயாச்சும் வந்து பார்த்தாரே."

பிறகு பேரனைக் கையில் ஏந்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தாள். "ஐயா, எங்களுக்குப் போட்டுருவீங்க, சரி. இவன் ஒரு குத்தமும் பண்ணலங்க. பால் மறந்தா வெளிய அனுப்பிருவோம்னு சொல்றாங்க. இவனுக்கு ஒரு வழி பண்ணணும்."

கொற்றவேலர் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். கண்களைத் துடைத்துக்கொண்டார். "கவலையை விடுங்கள் தாயே. இந்நாட்டில் இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த நாளிலேயே ஆயுள் தண்டனை. முதல் கையெழுத்து இவனுக்குத்தான்" என்றார். அங்காயி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நெடுங்கோவுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை.

கொடுத்த வாக்கைப் பதவியேற்ற அன்றே நிறைவேற்றிய மன்னர் குடைநாட்டு வரலாற்றில் கொற்றவேலர் ஒருவர்தான். முதல் ஆணை அங்காயியின் பேரன் பெயருக்கு வந்தது. சிறை அலுவலர் அதை விரித்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். புள்ள இப்பத்தான் கண்ணசந்தான், கொஞ்சம் மெதுவா வாசிங்க ஐயா என்றாள் அங்காயி.