இளவரசி கவுனுக்கு அசல் எங்கே?

மானாம்பதியில் தையற்கடை வைத்திருக்கும் செவ்வந்தி, அரசாங்கம் இலவசமாகத் தரும் மோட்டார் தையல் மெஷினுக்கு மனுப் போட்டாள். மிதித்து மிதித்து அவள் முழங்கால் வீங்கியிருந்தது. பார்க்க எனக்கே பாவமாக இருக்கும். மனுவோடு தானே தைத்த மாதிரி ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது விதி. விதிகள் நம் நன்மைக்காகவே இருக்கின்றன.

அந்தச் சமயம் அவள் எங்கள் தெருக் கல்யாணப்பெண் திவ்யாவின் ரிசப்ஷனுக்குக் கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ மாயாஜாலப் படத்தில் இளவரசி போட்டுக்கொண்டு வருவதாம். அளவு ஜாக்கெட் கேட்டதற்கு திவ்யா செல்போனை நீட்டியிருக்கிறாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, கை இரண்டை மட்டும் பதினெட்டு நாள் தைத்தாள் செவ்வந்தி. தோளில் பூசணிக்காய் பருமனுக்குப் புடைப்பு; உள்ளே பழைய குடைக்கம்பி. முழங்கையில் பிளந்து ஏழு அடுக்கு வலைத்துணி தரை வரை இழுபடும். அப்படியொரு வேலையை உத்திரமேரூர் வட்டாரத்திலேயே நான் பார்த்ததில்லை. அதையே மாதிரியாகக் கொண்டுபோனாள்.

தாலுகா ஆபீஸ் அலுவலர் ராஜாராமன் நேர்மையானவர். எதைப் பார்த்துத் தைத்தாய் என்று கேட்டார். சினிமாவைப் பார்த்து என்றாள்.

"அப்போ இது நகல். அசல் எங்கம்மா?"

"அது அந்த இளவரசிகிட்ட கீது சார்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

'மேற்படி இளவரசி அசல் உடையுடன் நேரில் ஆஜராக வேண்டியது' என்று மனுவின் ஓரத்தில் எழுதிவிட்டார். அப்படி ஒரு நாடே கிடையாது சார் என்று அழாத குறையாகச் சொன்னாள். கிடையாது என்றால் அதற்கும் சான்றிதழ் வேண்டும், அதை அந்த நாட்டு வி.ஏ.ஓ.தான் தர வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். மூன்று முறை நடந்தாள். மூன்று முறையும் அதே விளக்கம், அதே பொறுமை.

கடைசித் தேதியன்று திவ்யாவிடம் சொல்லிவிட்டு, கவுனைத் தானே மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பட்டா மாற்ற வரிசையில் நின்றிருந்த நாங்கள் தானாக ஒதுங்கி வழிவிட்டோம். எங்கள் வீட்டு ஜாக்கெட் அத்தனையும் தைத்தவளை ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லை. செல்ஃபி வேறு எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

ராஜாராமன் எழுந்து நின்றார். கலெக்டர் வந்தால் மட்டும் வெளியே வரும் நாற்காலி வெளியே வந்தது.

"நகல் கொண்டாந்திருக்கீங்களா மேடம்?"

"வலது கை அசல், இடது கை நகல்."

இரண்டையும் அருகருகே பிடித்து அடுக்குகளை எண்ணினார். ஏழுக்கு ஏழு சரியாக இருந்தது. 'அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். மனுதாரர் வரவில்லையா என்று கேட்டார். அவள் எதற்கு, நான்தான் வந்திருக்கிறேனே என்றாள். அந்த நியாயம் அவருக்கும் பட்டது. பயனாளி: இளவரசி, மானாம்பதி. மெஷின் அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலையில் நான் செவ்வந்தி கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினோரு பேர்.

"கை எவ்ளோ நீளம் வெக்கட்டும்ண்ணா?" என்றாள், மெஷினை நிறுத்தாமல்.

"வருமானச் சான்றிதழ்தாம்மா வாங்கணும்."

"அதுக்கு முட்டி வரிக்கும் போதும்."

"பட்டாவும் மாத்தணும்" என்று இழுத்தேன்.

அவள் மெஷினை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ தரையில பெரளணும். ஒம்பது மீட்டர் துணி எட்டாந்துடு."

நேராகத் துணிக்கடைக்கு நடந்தேன். அங்கேயும் ஒரே கூட்டம். ராஜாராமன் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு டிரான்ஸ்ஃபர் வேண்டுமாம், பதினைந்து மீட்டர் கிழிக்கச் சொன்னார்.