அக்கரைக்கு ஒரு சவரம்

கோதண்டம் கத்தியைக் கன்னத்தில் வைத்தான். வைத்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டான்.

"இழுக்கணுமா, தள்ளணுமா?"

"மொதல்ல மூச்ச விடு" என்றான் பச்சைமுத்து. "கரையில போட்ட மீனு மாதிரி வாயத் தொறந்துக்கினு குந்தினுருக்க."

பழவேற்காட்டுக் கோட்டைக்குப் பின்னால், ஏரிக்கரைத் தாழம்புதர் மறைவில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பச்சைமுத்து கோட்டைக்குள் ஓர் ஒல்லாந்துத் துரைக்குச் சமையல்காரன். துரை மதியம் சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். அந்தத் தூக்கத்தை நம்பி அவருடைய இரண்டு சவரக் கத்திகளையும், ஒரு துண்டு சவுக்காரத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

ஒன்று எல்லோரும் பார்த்திருக்கிற மடக்குக் கத்தி. மற்றொன்று போன கப்பலில் வந்த புதுக் கத்தி. அதன் அலகை மரக்கூடு மூடியிருந்தது. நகத்தின் கனத்துக்குத்தான் கூர் வெளியே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு மழித்தாலும் இது வெட்டாது என்று துரை பெருமை பேசுவாராம்.

குப்பத்துக்கு வருகிற நாவிதர் பெரியசாமி கைதேர்ந்தவர்தான். ஆனால் கையைவிட வாய் வேகம். ஒரு கன்னத்தை மழித்து மறு கன்னத்துக்கு வருவதற்குள், கோதண்டம் பெண்டாட்டியைக் கெஞ்சிக் கூட்டிவரப் போகிறான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். கெஞ்சுவதில் அவனுக்கு வெட்கமில்லை. ஊர் பார்க்கக் கெஞ்சுவதுதான் கஷ்டமாக இருந்தது.

காசியம்மாள் ஏரிக்கு அக்கரையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. சண்டை பெரிய சண்டைகூட இல்லை. பக்கத்தில் வந்து படுத்தவனை முழங்கையால் தள்ளினாள்.

"தள்ளிப் படு. தாடி குத்துது. மேலெல்லாம் கவுச்சி."

மீன்காரனுக்குப் பிறந்து மீன்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் கவுச்சி என்று மூக்கைப் பிடித்ததும் அவனுக்குச் சுருக்கென்றது. "கவுச்சி ஆவலன்னா கோட்டையில போயி தொரசாணியா இரு" என்றான். அவள் கோட்டைக்குப் போகவில்லை. விடிந்ததும் படகேறிவிட்டாள்.

அவள் போன பிறகுதான் அந்தச் சின்னக் குடிசை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. கல்யாணமாகி ஆறேழு வருஷம், வீட்டில் அவர்கள் இரண்டே பேர். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், இவன் வலையைத் தைத்துக்கொண்டே "உம்" கொட்டுவான். இப்போது சில நாள் தன்னை அறியாமல் "உம்" கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். சாயங்காலமானால் கரையில் நின்று, அக்கரையில் எழும்பும் அடுப்புப் புகைகளில் எது மாமியார் வீட்டுப் புகை என்று தேடுவான். அது எதுவென்று தெரியாது. ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருட்டும்வரை நிற்பான். அவள் மேல் அவனுக்கு இருந்த ஆசை அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

நேற்று கருவாட்டுக்காரி மணியம்மாள் அக்கரையிலிருந்து சேதி கொண்டுவந்தாள்.

"வரதுன்னா அந்தத் தாடியோடயே வரணுமாம். மழிச்சிக்கினு வந்தா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாளாம்." சொல்லும்போதே மணியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே போய்விட்டாள்.

கோதண்டத்துக்கு அந்தச் சிரிப்புதான் உறைத்தது. பச்சைமுத்துவிடம் கேட்டான்.

"குத்திக்காட்டறாடா" என்றான் பச்சைமுத்து. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே பெண்களைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. "பொம்பள ஒண்ணு சொன்னா அதத் திருப்பிப் போட்டுப் பாக்கணும். தாடியோட வான்னா தாடிய எடுன்னு அர்த்தம். நாளைக்கே எடுத்துடலாம்."

அப்படி வந்ததுதான் இந்தச் சவரம்.

"உனக்கு இது தெரியும் இல்ல?" என்று கோதண்டம் கேட்டான்.

"தெரியாம இன்னா. தொர மழிக்கிற நேரத்துல நான் அடுப்பாண்ட இருப்பேன். ஆனா தெனமும் சத்தம் கேப்பேன்."

சத்தத்தை நம்பிச் சவரம் தொடங்கியது. மடக்குக் கத்தி வலக் கன்னத்துக்கு, புதுக் கத்தி இடக் கன்னத்துக்கு, எது நன்றாக வேலை செய்கிறதோ அதை வைத்து மிச்சத்தை முடிப்பது என்று ஏற்பாடு. கண்ணாடிக்குப் பதில் வெண்கலத் தட்டில் தண்ணீர். காற்று வீசும்போதெல்லாம் கோதண்டத்துக்கு நாலு மூக்கு தெரிந்தது.

பிறந்ததிலிருந்து அவன் கத்தி பிடித்தது மீன் செதிலுக்குத்தான். செதிலை வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்ட வேண்டும். கை பழக்கத்துக்குப் போயிற்று. தொண்டையிலிருந்து கண்ணை நோக்கி ஒரு சுரண்டு சுரண்டினான்.

"அம்மா" என்றான் மெதுவாக.

தட்டுத் தண்ணீர் சிவந்தது. பச்சைமுத்து மடியிலிருந்து சமையல் மஞ்சள்தூளை எடுத்து அப்பினான். இரண்டாவது சுரண்டலுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள். வலக் கன்னம் ஒரு வழியாக முடிந்தபோது குழம்புக்குத் தயாரான மீன் துண்டு போல இருந்தது.

"போதும்டா, புதுக் கத்தியக் குடு. வெட்டாதுல்ல?"

"கண்ண மூடிக்கினே மழிக்கலாம்."

இடக் கன்னத்திலும் மோவாயிலும் அது உண்மையிலேயே வெட்டவில்லை. நிம்மதி வந்தது. நிம்மதியோடு கூடவே தைரியமும் வந்தது. மடக்குக் கத்திக்குப் பயந்து பயந்து இழுத்தவன், இதைத் துடுப்புப் போடுகிற வேகத்தில் இழுத்தான். மூக்கடியில் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. மீசையில் பாதி கையோடு வந்தது.

இருவரும் அந்த மயிரைப் பார்த்தார்கள். தோலில் ஒரு கீறல்கூட இல்லை.

"தொர சொன்னது சரிதான்" என்றான் பச்சைமுத்து.

"அந்தப் பக்கத்தக் கொஞ்சம் கொறச்சா சரியாப் பூடும்" என்றான் கோதண்டம்.

குறைத்தான். அது அதிகமாயிற்று. இதைக் குறைத்தான். கோட்டைக்குள் மணி அடித்தது. துரை எழுந்துவிடுவார் என்று பச்சைமுத்து கத்திகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். அதற்குள் குறைக்க மீசை மிச்சமில்லை.

அப்பா பொன்னுரங்கத்தின் வீட்டுக்குப் படகு கேட்கப் போனபோது அவர் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மகனை நிமிர்ந்து பார்த்தார். மீசையில்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் எப்படா செத்தேன்?"

"நைனா, அது வந்து... கை தவறிப் போச்சி."

"அப்பன் இருக்கச் சொல்ல மீசைய எடுத்துக்கினு சம்பந்தி வூட்டுக்குப் போறியா? நீ தனியாப் போனா எனக்குக் கருமாதியே பண்ணிடுவாங்க. தள்ளு, நானும் வரேன்."

கோதண்டம் துடுப்புப் போட்டான். அவளிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தான். தாடியை எடுத்துட்டேன். காலையிலேயே மணலப் போட்டுத் தேச்சிக் குளிச்சேன், கவுச்சி இல்ல. நீ இல்லாம என்னால ஆவல. கடைசியைச் சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தது.

கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த மாமியார், மீசையில்லாமல் மஞ்சள் பூசிய முகத்தோடு மருமகன் இறங்குவதைப் பார்த்தாள். கையிலிருந்த கூடை விழுந்தது.

"ஐயோ, என் சம்பந்தியே, சொல்லாமப் பூட்டியே..."

"சம்பந்தி, நான் இங்கதான் கீறேன்" என்று படகுக்குள்ளிருந்து பொன்னுரங்கம் எழுந்து நின்றார். அவளுடைய ஒப்பாரி அலறலாக மாறியது. அதை அடக்குவதற்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். மணியம்மாளும் கருவாட்டுக் கூடையோடு வந்தாள்.

சத்தம் கேட்டுக் காசியம்மாள் வாசலுக்கு வந்தாள். ஒரு மாதமாக அவன் தேடிய முகம் அது. களைத்து வெளுத்திருந்தது, ஆனாலும் அவன் கண்ணுக்கு முன்பைவிட அழகாக இருந்தாள். அவனைக் கண்டதும் சிரிக்கத்தான் போனாள். அப்புறம் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"மணியம்மாக்கா நான் சொன்னதச் சொல்லலியா?"

"சொன்னாங்க."

"தாடியோட வரச் சொன்னது?"

"சொன்னாங்க. உனக்குக் குத்துமேன்னுதான் எடுத்தேன்."

"அப்ப தெரிஞ்சேதான் கத்தி வச்சிருக்க." அவள் கண் நிறைந்துவிட்டது. "உனக்கு வேணாம்னா வாயால சொல்லியிருக்கலாம்."

"வேணும்னுதான வந்தேன். நீ இல்லாம என்னால ஆவல, காசி."

ஏரியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொல்லியாயிற்று. அது அவள் காதில் விழவில்லை. உள்ளே போய்த் தட்டியைச் சாத்திக்கொண்டாள். உள்ளிருந்து அழுகை கேட்டது.

கோதண்டம் வெயிலில் நின்றான். கன்னத்து மஞ்சள் வியர்வையில் கரைந்து எரிந்தது. அவனுக்கும் அழுகை வந்தது.

"தாடி குத்துதுன்னு வந்தவளும் அவதான், தாடி எங்கன்னு அழுவறவளும் அவதான். நான் இன்னாக்கா பண்ணணும்?"

மணியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

"தாடிக்கு யாருப்பா அழுவறா? பொண்டாட்டி வயித்துல புள்ள இருக்கச் சொல்ல, அது பொறக்கற வரைக்கும் எந்தத் தகப்பனாச்சும் மூஞ்சில கத்தி வைப்பானா?"