மாடிப்படிக்கு ஒரு வினைச்சொல்

அலுவலக மாடிப்படி ஆடத் தொடங்கிய செய்தியை மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் தெரிவிக்கும் திருப்பணி கண்காணிப்பாளர் தலையில் விழுந்தது. ஆங்கிலத்தில் அவர் கெட்டிக்காரர் என்று பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவரும் அவரேதான்.

'மாடிப்படி ஊழியர்களை என்டேஞ்சர் செய்கிறது', அதாவது ஆபத்தில் தள்ளுகிறது, என்று எழுதி, இயக்குநரின் ஒப்புதலுக்காக மாடி ஏறினார். பாதி வழியில் கைப்பிடி கையோடு வந்தது. அதைச் சுவரில் சாத்திவிட்டு மேலே போய்க் காகிதத்தை நீட்டினார்.

என்டேஞ்சர் என்பது அழிந்துவரும் விலங்குகளுக்கு உரியது, நம் ஊழியர்களோ பெருகிவரும் இனம் என்று இயக்குநர் திருப்பிக் கொடுத்தார்.

கண்காணிப்பாளருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் அதே பொருளில் 'ஜெபர்டைஸ்' போட்டு எடுத்துப்போனார். அன்றைக்கு இரண்டு படிகளைக் காணோம், தாண்டிப்போனார். ஜெபர்டைஸ் ஆவது திட்டம், பதவி உயர்வு, நற்பெயர் போன்ற உயர்ந்த சங்கதிகள்தான், கை கால் அல்ல என்று விளக்கம் கிடைத்தது. அதே ஆபத்துக்கு 'இம்பெரில்' போட வேண்டுமானால் ஒரு சாம்ராஜ்யமாவது கவிழ வேண்டுமாம்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினார்.

"படி விழப்போகுதுன்னு எழுதிட்டா என்னங்க?"

அவளை நினைத்தால் அவருக்குப் பாவமாக இருந்தது. வெறும் 'விழும்' எந்தக் கோப்பில் நகரும்?

கடைசியில் 'ரிஸ்க்' இயக்குநருக்குப் பிடித்துப்போனது. ரிஸ்க்கைப் படிக்கட்டு எடுக்க முடியாது, ஏறுகிறவன்தான் எடுக்கிறான். ஆகவே குற்றம் அவனுடையது. மேலிடத்துக்கு எழுதும் வேலையே மிச்சம். உடனே சுற்றறிக்கை பிறந்தது: முன் அனுமதியின்றித் தம் உயிரை ரிஸ்க் எடுத்த ஊழியர் ஒவ்வொருவரும் மாடிக்கு நேரில் வந்து விளக்கம் சமர்ப்பிக்க வேண்டும்.

எல்லாரும் வரிசையாக ஏறி, சமர்ப்பித்து, இறங்கினார்கள். கடைசியாகக் கண்காணிப்பாளர் இறங்கித் தரையில் கால் வைத்ததும், முதுகுக்குப் பின்னால் மாடிப்படி மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. தூசி அடங்கியபோது, மாடியில், கீழே படியே இல்லாத வாசலில் இயக்குநர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் காலடியிலும் காரை பெயர்ந்துகொண்டிருந்தது.

ஆயிரம் இருந்தாலும் இயக்குநரும் பெண்டாட்டி பிள்ளை உள்ள மனுஷன். கண்காணிப்பாளர் தொலைபேசியைப் பிடுங்கித் தீயணைப்பு நிலையத்தை அழைத்தார். வண்டி பறந்து வந்தது. ஆனால் எழுத்துமூலம் கேட்டால்தான் ஏணியை எடுக்க விதி என்றார் தீயணைப்பு அதிகாரி. கண்காணிப்பாளர் முழங்காலில் காகிதத்தை வைத்து 'எங்கள் இயக்குநரை சேவ் செய்யவும்' என்று எழுதி நீட்டினார்.

அதிகாரி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சேவ் பணத்துக்குப் போடுறது சார். மனுஷனுக்கு ரெஸ்க்யூ."

கண்காணிப்பாளரின் மானம் சிலிர்த்துக்கொண்டது. ரெஸ்க்யூ எல்லாம் கிணற்றில் விழுந்த பூனைக்கு, பதவியில் உள்ளவருக்கு அல்ல என்றார். ஊழியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். தெருவில் போனவர்கள் நின்றார்கள். பேருந்தை நிறுத்தி இறங்கிக்கூட வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஏணி வண்டியிலேயே மடங்கிக் கிடந்தது.

மேலே இன்னும் கொஞ்சம் காரை உதிர்ந்தது. இயக்குநர் ஒற்றைக் காலுக்கு மாறிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் அவசரம் இல்லை. வார்த்தை தப்பா மட்டும் போயிடக் கூடாது."

கீழே அத்தனை தலைகளும் ஆமோதித்து ஆடின.